புறா வழியா இன்டர்நெட், யாராச்சும் நிஜமா செஞ்சாங்களா?

கேள்வி: 1990 ஏப்ரல் 1ல முட்டாள்கள் தின காமெடியா வந்த ஆர்எஃப்சி 1149 (இன்டர்நெட் எப்படி வேலை செய்யணும்னு சொல்ற ஆவண வரிசைல ஒண்ணு) படிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது, டேட்டா பாக்கெட்ட பேப்பர்ல பிரிண்ட் பண்ணி சுருட்டி புறா கால்ல ஒட்டி அனுப்பணுமாம்! யாராச்சும் செஞ்சு பாத்தாங்களா?

பதில் 1: பாத்தாங்க ப்ரோ. 2001ல நார்வேல பெர்கன் ஊர் லினக்ஸ் (கம்ப்யூட்டர் ஆபரேட்டிங் சிஸ்டம்) யூசர் குரூப் புறா வழியா பிங் (அந்தப் பக்கம் பதில் தருதான்னு பாக்க அனுப்புற சின்ன பாக்கெட்) அடிச்சாங்க, 9 அனுப்பி 4க்குதான் பதில் வந்துச்சு, சீக்கிரமா வந்ததே முக்கால் மணி நேரத்துக்கு மேல.

பதில் 2: வந்த பேப்பர ஸ்கேன் பண்ணி உள்ள ஏத்தணும், அவ்ளோதான், கீழ பாக்கெட்ட தூக்கிட்டு போறது வயரா புறாவான்னு ஐபிக்கு (பாக்கெட்ட போக வேண்டிய இடத்துக்கு அனுப்புற இன்டர்நெட் விதிமுறை) கவலையே இல்ல. நெட்வொர்க் அடுக்கு அடுக்கா வேலை செய்யுதுன்னு காலேஜ்ல லேயர் படம் போட்டும் புரியாதது இதுல சட்டுன்னு புரியும், ஜூனியர்ஸ்க்கு கண்டிப்பா காட்டுங்க.

பதில் 3: 1999ல வந்த ஆர்எஃப்சி 2549ஐயும் படிங்க, அதுல புறாவுக்கு பிசினஸ் கிளாஸே இருக்கு!