சிங்கப்பூரில் ஏழு இரவு: லிட்டில் இந்தியாவா, சைனாடவுனா?

வணக்கம். ஆகஸ்டில் நானும் மனைவியும் ஒரு வாரம் சிங்கப்பூர் போகிறோம். கல்யாணமாகி 25 வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். தங்கும் இடம் நன்றாக அமைய வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டல் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சைவச் சாப்பாடு வாசலிலேயே கிடைக்கும். வீரமாகாளியம்மன் கோயில் நடக்கிற தூரம். டவுன்டவுன் லைனில் ஏறினால் ரயில் மாறாமல் பேஃபிரண்டில் இறங்கி கார்டன்ஸ் பை தி பே பூங்காவுக்குப் போய்விடலாம். ஆனால் ஞாயிறு மாலை தெருவெல்லாம் கூட்டம். அதைவிடப் பெரிய குறை, அறைக்கு ஜன்னல் இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் அவளுக்குத் தூக்கமே வராது.

சைனாடவுன் ஹோட்டலில் ஜன்னல் உண்டு, இரவுக்கு 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல். 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் பக்கத்தில். செந்தோசா தீவுக்குப் போக இறங்க வேண்டிய ஹார்பர்ஃபிரண்ட், அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன். சாப்பாடுதான் யோசனை.

அங்கே தங்கியவர்கள் சொல்லுங்கள்: சைனாடவுனில் காலை நேரத்தில் இட்லி, தோசை நடந்தே போய்ச் சாப்பிட முடியுமா? இல்லை, நான்கு இரவு ஒன்றில், மூன்று இரவு மற்றதில் என்று பிரித்துக்கொள்ளலாமா? அப்புறம், லிட்டில் இந்தியாவிலேயே ஜன்னலோடு நல்ல அறை தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பதிவு செய்ய வேண்டும்.