தற்காலிக ஸ்டோமா இல்லாமல் மலக்குடல் ஆபரேஷன் முடியுமா?

அப்பாவுக்கு வயது 61, மலக்குடல் புற்றுநோய், கட்டி ஆசனவாயிலிருந்து 7 சென்டிமீட்டர் மேலே. 28 தவணை கதிர்வீச்சும் கூடவே கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரையும் முடிந்து ஒன்பது வாரம் ஆகிறது. எம்ஆர்ஐயில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தாலும் முழுதாகப் போகவில்லை, அதனால் ஆபரேஷன் செய்யாமல் கண்காணிக்கும் வழி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் 12 நாளில் ஆபரேஷன்.

குடலை இணைத்த இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து, கதிர்வீச்சு பட்ட இடத்தில் இவ்வளவு கீழே இணைத்தால் அந்தப் பயம் இன்னும் கூடுதல், ஆகவே மலம் அந்த இணைப்பு வழியாகப் போகாதபடி சிறுகுடலை வயிற்றில் திறந்துவிட்டு (இதுதான் ஸ்டோமா) இரண்டு மூன்று மாதம் அங்கே பை. சரி, காரணம் புரிகிறது. ஆனால் போன வாரம் பை வரும் இடத்தைக் குறிக்க நர்ஸ் அப்பா வயிற்றில் பேனாவால் வட்டம் போட்டதிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. பெல்ட் எங்கே வரும் என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

இன்னொரு சர்ஜனைப் பார்த்தோம், அவரும் பை வைத்தே ஆக வேண்டும் என்றார். சர்க்கரை கிடையாது, சிகரெட்டை விட்டு நாலு மாதம், ஹீமோகுளோபின் 12.4. கோஸ்ட் இலியோஸ்டமி பற்றியும் கேட்டோம், அதாவது சிறுகுடல் வளையத்தைச் சுற்றி நாடா மட்டும் கட்டி உள்ளேயே விட்டுவைத்து, கசிவு வந்தால் மட்டும் வெளியே எடுப்பது. எங்கள் சர்ஜன் அதைச் செய்வதில்லையாம். ஆபரேஷனின்போது பச்சைச் சாயம் செலுத்தி, இணைக்கும் குடலில் ரத்த ஓட்டம் பார்ப்பாராம், அது நன்றாக இருந்தாலும் பை உண்டு.

கதிர்வீச்சுக்குப் பிறகும் பை இல்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இங்கே இருந்தால், எதைப் பார்த்து உங்கள் சர்ஜன் அதற்குச் சம்மதித்தார்?