வெயில் ஏறினால் லிங்க் வேகம் விழுகிறது: பவர் ஆம்பிளிஃபையரா, டிரைவரா?

கேள்வி (வேதாரண்யம்)
அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இறால் பண்ணை. அங்கிருந்து ஊர் டவருக்கு 5.8 ஜிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் லிங்க். காலையில் 256 க்யூஏஎம்மில் (இந்த எண் கூடினால் வேகம் கூடும், ஆனால் அலை சுத்தமாக இருக்க வேண்டும்) ஓடுகிறது, வெயில் ஏறியதும் 16க்கு இறங்கிவிடுகிறது. ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் எந்திரம்) சுற்றுகிறதா என்று கேமராவில்தான் பார்க்கிறார்கள், அது மதியம் முழுக்க நின்று நின்று வருகிறது. பண்ணையிலிருந்து டவருக்கு வரும் பக்கம் மட்டும்தான் இப்படி. கேபிள், ஆன்டெனா மாற்றியாயிற்று. ஆன்டெனாவுக்குப் போகுமுன் அலையைக் கடைசியாகப் பெருக்கும் பவர் ஆம்பிளிஃபையர் ஐசியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் (கும்பகோணம்)
அவசரப்படாதீங்க தம்பி. மதியம் டவர் பக்கம் சிக்னல் அளவு குறைகிறதா? நாய்ஸ் எப்படி?

கேட்டவர்
சிக்னல் அப்படியே இருக்கிறது அண்ணே. நாய்ஸும் காலையில் இருந்த அளவுதான்.

பதில் (கும்பகோணம்)
அப்படியென்றால் பண்ணை ரேடியோ அனுப்பும்போதே அலை நசுங்குகிறது. மதியம் அதன் பவரை 3 டிபி, அதாவது பாதியாக, குறைத்துப் பாருங்கள். சிக்னல் குறைந்தும் வேகம் கூடினால் பெருக்கும் ஸ்டேஜ்களில் ஏதோ ஒன்று கம்ப்ரஷனில் இருக்கிறது, அதாவது தன் எல்லையை முட்டி அலையின் உச்சியை நசுக்குகிறது.

எல்லோரும் கடைசி ஸ்டேஜையே சந்தேகப்படுவார்கள், அதற்கு முன்னால் அலையைப் பெருக்கிக் கொடுக்கும் டிரைவரை விட்டுவிடுவார்கள். இந்த ரேடியோ அனுப்பும் ஓஎஃப்டிஎம் அலையின் (பல சிறு அலைகள் சேர்ந்தது) உச்சம் சராசரியைவிட 10 டிபி வரை எகிறும். கடைசி ஸ்டேஜ் 12 டிபி கெயினோடு (பெருக்கத்தோடு) 27 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் பவர்) கொடுக்கிறது என்று வையுங்கள். டிரைவர் சராசரி 15 டிபிஎம் கொடுக்க வேண்டும், உச்சத்தில் 25. சூட்டில் உச்சத்துக்கான அந்த இடம் சுருங்கினால் உச்சி வெட்டுப்படும். பவர் அளக்கும் டிடெக்டர் கடைசியில் இருப்பதால் ரேடியோ டிரைவரை இன்னும் அழுத்தித் தள்ளி சராசரியைச் சமன் செய்துவிடும். உங்களுக்குச் சிக்னல் மாறாமல் தெரிவது அதனால்தான்.

பதில் (திருவாரூர்)
போர்டைத் திறந்தால் ஆன்டெனா இடத்தில் 50 ஓம் லோடு மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். டிரைவரின் அவுட்புட் காலிலேயே 5 வோல்ட் சப்ளையும் வரும். மீட்டர் முனையை அந்தக் காலில் வைக்காமல், சோக்குக்கு (சப்ளையை விட்டு அலையைத் தடுக்கும் சுருள்) சப்ளை பக்கம் வையுங்கள். வோல்ட் சரியாக இருந்தால் டிரைவர் ஐசியின் அடியில் இருக்கும் கிரவுண்ட் பட்டையைப் பாருங்கள். சூடு இறங்குவதே அந்த வழியாகத்தான்.

கேட்டவர்
3 டிபி குறைத்ததும் வேகம் ஏறியது! வோல்ட் 5 இருக்கிறது. லென்ஸில் பார்த்தால் டிரைவரின் பட்டையைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை விரிசல், ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது. பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, அடியில் முழுக்கப் பிடிக்கும்படி ஹாட் ஏரில் மறுபடி வைத்தேன். இன்று மதியம் 256 விட்டு இறங்கவில்லை. மேலே கோட்டிங் அடிக்கலாமா?

பதில் (திருவாரூர்)
ஆர்எஃப் தடங்கள் (ரேடியோ அலை ஓடும் தடங்கள்) மேல் வேண்டாம், 5.8இல் மேட்சிங் (அலை திரும்பி அடிக்காமல் போக வைக்கும் பொருத்தம்) மாறிவிடும். உப்புக்காற்று உள்ளே வந்த வழியை அடைத்துவிடுங்கள்: மூடி கேஸ்கெட்டும், கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் கிளாண்டும் புதுசு போடுங்கள்.