ரோமில் ஒரே ஒரு நாள், கூடவே அப்பா: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, ரோம் எனக்கு ரொம்பப் பிடித்த நகரம். இரண்டு முறை தனியாகவே சுற்றியிருக்கிறேன். இந்த முறை அப்பாவும் வருகிறார். வயது 71, மூட்டுவலி வேறு. கையில் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

காலையில் கொலோசியம். கி.பி. 80இல் திறந்த அரங்கம், அதை விட மனசில்லை. அதன் நுழைவுச்சீட்டிலேயே பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் (பழைய நகர மையத்தின் இடிபாடுகள்) பாலட்டைன் குன்றும் அடங்கிவிடும். ஆனால் ஃபோரத்துக்குள் மேடும் பள்ளமுமான பழைய கல்பாதை. அப்பாவின் முழங்கால் தாங்குமா? இல்லை, கேபிடலைன் குன்றின் பின்பக்கம் நின்று மேலிருந்து பார்த்தாலே போதுமா?

அப்புறம் பாந்தியன், பழைய ரோமானியக் கோயில். சுமார் 43 மீட்டர் அகலக் குவிமாடம். கம்பியே போடாத கான்கிரீட். உச்சியில் திறந்த வட்டத் துளை, மழை பெய்தால் நேராக உள்ளே விழும், வடிவதற்குத் தரையில் ஓட்டைகள். அப்பா கட்டடப் பொறியாளர், அங்கிருந்து அவரைக் கிளப்புவதே பெரும்பாடு! வத்திக்கான் அருங்காட்சியகம் பெரும்பாலான ஞாயிறுகளில் மூடியிருக்கும், அந்தக் கவலை இல்லை.

கொலோசியத்தில் வயதானவர்களை லிஃப்டில் எளிதாக விடுகிறார்களா? அங்கிருந்து பாந்தியனுக்குப் பஸ்ஸா, டாக்சியா? பெற்றோரோடு போய்வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.