கணவரை இழந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கெங்கு உதவி கேட்கலாம்?

கேள்வி: ஆரணி வாசகி

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம். பக்கத்து வீட்டில் கொத்தனார் வேலை பார்த்து வந்தவர் சென்ற மாதம் மாரடைப்பால் வீட்டிலேயே இறந்துவிட்டார். மனைவிக்கு வயது 34. எட்டாம் வகுப்பில் ஒரு மகளும் நான்காம் வகுப்பில் ஒரு மகனும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். மாமியாரும் அவருடைய பொறுப்பில்தான் இருக்கிறார். நூறு நாள் வேலையைத் தவிர அவருக்கு வேறு வருமானம் கிடையாது. பிள்ளைகளுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் வரும் என்று சிலர் சொல்ல, இரண்டு பிள்ளைகளையும் ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுவதுதான் நல்லது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அவரோ பிள்ளைகளைப் பிரிய மனமில்லாமல் தவிக்கிறார். முதலில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நானே அவரை அழைத்துச் செல்வேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்

அம்மா, உதவித்தொகை மனுக்களைக் கொடுப்பதற்கு முன்னால் சான்றுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுக்கள் பெரும்பாலும் தாள் குறைவதால்தான் திரும்பி வருகின்றன. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அது கடந்திருந்தாலும் தாமதக் கட்டணத்தோடு பதிவு செய்யலாம். கிராம ஊராட்சிப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். இறப்புச் சான்று கைக்கு வந்தவுடன் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்று, வருமானச் சான்று, விதவைச் சான்று ஆகிய மூன்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடலாம். வருமானச் சான்றில் இறந்தவருடைய கூலியையும் சேர்த்து எழுதிவிடாமல் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா உதவிகளும் அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கும்.

அடுத்தது ஆதரவற்ற விதவை உதவித்தொகை. 2023 ஆகஸ்டு முதல் இது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். குடும்ப அட்டையில் கணவர் பெயரை நீக்கும்போதே, அட்டையை மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா வகைக்கு மாற்றித் தருமாறு வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அந்த வகை அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு. கையில் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே வராதீர்கள்.

மறுமொழி: குழந்தைகள் நலப் பணியாளர்

தாய் உயிரோடு இருந்து, வளர்க்கவும் விரும்பும்போது, வறுமை ஒன்றைக் காரணமாக வைத்துப் பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பக் கூடாது என்பதை உறவினர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள். 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே இல்லப் பராமரிப்பைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலேயே வளர வேண்டும் என்பதற்காகத்தான் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் நிதி ஆதரவு என்ற பெயரில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. கணவரை இழந்த தாயின் பிள்ளைகள் இதற்குத் தகுதி உடையவர்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுத்தால், அவர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்து, ஒப்புதல் குழுவின் முன் வைப்பார்கள். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருக்க நேரிடலாம் என்பதால் இன்றே கொடுப்பது நல்லது.

நீங்கள் கேள்விப்பட்ட இரண்டாயிரம் ரூபாய், 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டமாக இருக்கும். அது பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் கடும் நோய் போன்ற காரணங்களால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் உரியது. இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது.

மகளை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றிவிட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்து முடித்தால், கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். யாராவது பிள்ளைகளை வற்புறுத்தி எங்காவது அழைத்துச் செல்ல முயன்றால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

மறுமொழி: செய்யாறு நண்பர்

இறந்தவருடைய வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டு வாங்கி, மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார் என்று பொருள். இயற்கை மரணத்துக்கும் அதில் 2 லட்சம் ரூபாய் உண்டு. பல குடும்பங்கள் இப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாமல் கணக்கை மூடிவிடுகின்றன. 20 ரூபாய் மட்டும் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்குப் பயன்படாது. கொத்தனார் என்பதால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வீட்டில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பதிவு நடப்பில் இருந்தால் இயற்கை மரண உதவியும் ஈமச்சடங்கு உதவியும் கோரலாம்.

ஆரணி வாசகி

எல்லோருக்கும் நன்றி. வாரிய அட்டை கிடைத்துவிட்டது, ஆனால் அதைப் புதுப்பிக்கவில்லை போலத் தெரிகிறது. அதனால் பயன் இல்லாமல் போய்விடுமா?

செய்யாறு நண்பர்

அட்டையைப் பார்த்து நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சில நேரம் இணையத்தில் புதுப்பித்திருப்பார்கள், பழைய அட்டை மட்டும் வீட்டில் இருக்கும். பதிவு எண்ணுடன் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் உதவி வேண்டுமென்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாகத் தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.