தரம் 10 முடிய புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியாவுக்கு: முதல்ல என்ன செய்யிறது?

நந்திக்கடற்கரை எழுதியது:

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம். எனக்கு 15 வயசு. மூண்டாம் தவணை முடிஞ்ச கையோட வீடு மாறுறம், அப்பாக்கு வவுனியா ரவுணுக்கு மாற்றம் வந்திட்டுது. அடுத்த வருசம் தரம் 11. தொகுதிப் பாடமா (மூண்டு தொகுதியில ஒவ்வொண்டிலயும் ஒண்டைத் தெரிவு செய்யிறது) புவியியல், நாடகமும் அரங்கியலும், நீர் உயிரின வளத் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறன். போக விருப்பமில்லை எண்டு சொன்னா அம்மா "2009இல நாங்கள் எத்தினை இடம் மாறினனாங்கள் தெரியுமே" எண்டுறா. அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கிறேல்லை. பள்ளிக்கூட அலுவல், சாமான் கட்டுறது, சைக்கிள், எங்கட நாய் எல்லாம் இருக்கு. எதை முதல்ல பிடிக்கிறது? அங்க ஒருத்தரையும் தெரியாது. எப்பிடிச் சமாளிக்கிறது?

கரும்பலகை எழுதியது:

பிள்ளை, முதல்ல பாடத்தைப் பாருங்கோ. சாமானைப் பிறகு கட்டலாம்.

நீர் உயிரின வளம் எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் நடக்காது. ரவுண் பள்ளிக்கூடத்தில அதுக்கு ஆசிரியர் இருப்பார் எண்டு நம்பிப் போகாதேங்கோ. அப்பா அனுமதி கேட்டுப் போகேக்கை "இடம் இருக்கோ" எண்டு மட்டும் கேட்டிட்டு வந்தா பத்தாது. மூண்டு தொகுதிப் பாடத்தின்ர பேரையும் ஒரு தாளில எழுதிக் குடுத்து, ஒவ்வொண்டுக்கும் தரம் 11இல ஆசிரியர் இருக்கினமோ எண்டு கேக்க வேணும். ஒரு பாடம் இல்லையெண்டா ரெண்டு வழிதான்: அந்தப் பாடம் உள்ள வேற பள்ளிக்கூடம், இல்லாட்டி அதே தொகுதியில வேற பாடம். விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும், சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப் பொருளியல், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எல்லாம் நீர் உயிரின வளத்தின்ர தொகுதிதான். மாத்திறதெண்டா இப்பவே மாத்துங்கோ. தரம் 11 முடிய எழுதிற சாதாரண தரப் பரீட்சைக்குத் தரம் 10, 11 ரெண்டின்ர பாடத்திட்டத்திலயும் இருந்து கேள்வி வரும். டிசம்பரில தொடங்கினா விட்டதைப் பிடிக்கலாம், மே மாதம் தொடங்கினா பிடிக்க ஏலாது. பள்ளிக்கூட மாணவரின்ர பரீட்சை விண்ணப்பம் அதிபர் மூலம்தான் போகும். அதில பாடம் பதிஞ்ச பிறகு மாத்தப் போனா பெரிய அலைச்சல்.

"பேரை மட்டும் குடுப்பம், படிப்பை ரியூசனில பாப்பம்" எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ. ஆசிரியர் இல்லாத பாடத்துக்குப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளி போட ஆளில்லை. நாடகத்தை விடவேண்டாம். ஆனா அதுக்குச் செயன்முறைப் பரீட்சையும் இருக்கு, அதைப் பழக்க அங்க ஆள் இருக்கோ எண்டதையும் சேத்துக் கேளுங்கோ.

கடதாசி அலுவலில ஒழுங்கு முக்கியம். புதுப் பள்ளிக்கூடம் எடுப்பம் எண்டு சொன்ன பிறகுதான் பழைய இடத்தில விடுகைப் பத்திரம் வாங்க வேணும். அதை முதலே வாங்கிப்போட்டு இடம் கிடைக்காம நிண்டா பிள்ளை ரெண்டு இடத்திலயும் இல்லை. கேட்ட பள்ளிக்கூடங்களில எல்லாம் இடம் இல்லையெண்டா வவுனியா தெற்கு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கோ, ரவுண் அந்த வலயம்தான். நெடுங்கேணிப் பக்கம் வடக்கு வலயம். மாறி அங்க போனா ஒரு நாள் வீண்.

நூலகப் புத்தகம், விளையாட்டு உடுப்பு ஏதும் கையில இருந்தா முதலே குடுத்திடுங்கோ, அதிலதான் விடுகைப் பத்திரம் இழுபடும். தேர்ச்சி அறிக்கையோட தரம் 10 கணிப்பீட்டுப் புள்ளிக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கோ. பேரும் பிறந்த திகதியும் பிறப்புச் சான்றிதழில உள்ளமாதிரியே இருக்கோ எண்டு அந்த மேசையிலேயே நிண்டு பாருங்கோ. ஒரு எழுத்துப் பிழை பிறகு பரீட்சை அட்டை வரைக்கும் வரும். அடையாள அட்டைக்குப் பழைய அதிபர் மூலம் விண்ணப்பிச்சிருந்தா அது எந்த விலாசத்துக்கு வரும் எண்டும் கேளுங்கோ.

தறப்பாள் எழுதியது:

தங்கச்சி, டிசம்பர் மாரி காலம். கன்ரர் லொறிக்குச் சொல்லேக்கை கூடு போட்டதா எண்டு அப்பாவைக் கேக்கச் சொல்லுங்கோ. திறந்ததெண்டா ரெண்டு தறப்பாள் வேணும், ஒண்டு கீழ, ஒண்டு மேல. எல்லாரும் மேல மட்டும் போடுவினம், ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் வரேக்கை அடியால தண்ணி ஏறி மெத்தை நனைஞ்சிருக்கும்.

கொப்பி புத்தகத்தை உரப்பையில போடாதேங்கோ, மூலை எல்லாம் மடிஞ்சு போகும். கடையில சின்ன பிஸ்கட் பெட்டி கேட்டு வாங்கி, ஒண்டுக்கு 12 கிலோவுக்கு மேல போகாமப் போடுங்கோ. பாரம் கூடினா தூக்கிறவர் கடைசியில போட்டுத்தான் விடுவார். பெட்டியின்ர பக்கத்தில பேர் எழுதுங்கோ. மேல எழுதினா அடுக்கின பிறகு தெரியாது. ஒரு பையை மட்டும் லொறியில ஏத்தாம உங்கட மடியில வையுங்கோ: ரெண்டு நாள் உடுப்பு, சீருடை ஒரு சோடி, சப்பாத்து, சார்ஜர், சவர்க்காரம், துவாய், போர்வை. முதல் ராத்திரி பெட்டி உடைச்சுத் தேடுறதிலதான் எல்லாருக்கும் கோபம் வரும். கடதாசி எல்லாம் அம்மாவின்ர பையில. வன்னியில அந்தப் பை இல்லாத வீடு இல்லை, பொலித்தீன் சுத்தி எப்பவும் கைக்கெட்டின இடத்தில இருக்கும்.

சைக்கிள்: பெடல் ரெண்டையும் கழட்டினா அரைவாசி இடம் போதும். 15 மில்லிமீற்றர் சாவி. வலப்பக்கப் பெடல் வழமைபோல இடஞ்சுழியாக் கழரும். இடப்பக்கப் புரி மாறி வெட்டினது, வலஞ்சுழியாத் திருப்ப வேணும். குழப்பமா இருந்தா ஒண்டை மட்டும் நினைவில வையுங்கோ: சாவியைப் பெடலுக்கு மேல நிமித்திப் பிடிச்சு, பின்சில்லுப் பக்கம் இழுத்தா ரெண்டும் கழரும். இடப்பக்கத்தை மாறித் திருப்பி இறுக்கிப்போட்டுப் புரியை அரைச்சுக் கொண்டு வாற ஆக்கள்தான் கூட. ஹாண்டிலைத் திருப்ப, நடு ஆணியை நாலு சுத்துத் தளர்த்தி, மேல பலகைத்துண்டு வைச்சு ஒருக்கா மெதுவாத் தட்டுங்கோ. லுமாலா மாதிரிச் சைக்கிளில உள்ளுக்கு ஆப்பு இறுகியிருக்கும், தட்டினாத்தான் விடும். பெடலையும் ஆணியையும் ஒரு துணியில முடிஞ்சு சீற்றுக்குக் கீழ கட்டிவிடுங்கோ.

ஆலடி எழுதியது:

அம்மாவின்ர அந்த வசனம் உங்களுக்குப் பேச்சு விழுந்தமாதிரி இருக்கும். 2008, 2009 யுத்தத்தில வன்னியில ஒவ்வொரு இடப்பெயர்வும் வீட்டைத் திரும்பப் பாப்பமோ எண்டு தெரியாமத்தான் நடந்தது. சாமான் கட்டுற சத்தமே அவவுக்கு அதை ஞாபகப்படுத்தும். நீங்கள் பிறந்தது அதுக்குப் பிறகு, உங்களுக்கு இதுதான் முதல் இழப்பு. ரெண்டையும் ஒரே தராசில வைக்கத் தேவையில்லை.

அவ பெட்டி கட்டேக்கை கதைக்காதேங்கோ. இரவுச் சாப்பாடு முடிஞ்ச பிறகு பக்கத்தில போய் இருந்து, "அம்மா, நீங்கள் பட்டதோட இதை ஒப்பிடேல்லை, எனக்குச் சிநேகிதப் பிள்ளையளை விட்டிட்டு வரக் கஷ்டமாக் கிடக்கு" எண்டு சொல்லுங்கோ. அதோட நிப்பாட்டாம, அவ ஓம் எண்டு சொல்லக்கூடிய மூண்டு விசயம் கேளுங்கோ: வீடு மாற முதல் ஒரு நாள் வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வீட்டையும் பள்ளிக்கூட வழியையும் காட்ட வேணும், உங்கட மேசை எங்க வாறது எண்டதை நீங்கள் சொல்ல வேணும், திரும்பி வாற நாள் ஒண்டை இப்பவே குறிக்க வேணும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் நல்ல நாள், ஊர்ச்சனம் எல்லாம் வரும். முதல் மாதம் மட்டும் வர வேண்டாம். புது இடத்தில கால் ஊண்ட விடாது.

சிநேகிதப் பிள்ளையளின்ர நம்பரோட வீட்டாரின்ர நம்பரையும் கொப்பியில எழுதி வாங்குங்கோ. சிம் மாறினா போன் நம்பர் போயிடும். முப்பது பேரின்ர வட்ஸ்அப் குழு கொஞ்ச நாளில அமைதியாகிடும். ரெண்டு மூண்டு பேரோட ஞாயிறு பின்னேரம் எண்டு நேரம் வைச்சுக் கதைக்கிறதுதான் நிலைக்கும். புது வகுப்பில முதல் கிழமை மணியடிக்க கால் மணித்தியாலம் முந்திப் போங்கோ. "புவியியல் கொப்பி ஒருக்காத் தருவியோ, எங்க நிக்கிறீங்கள் எண்டு பாக்க" எண்டு கேக்கிறது கதை தொடங்க நல்ல வழி. கொப்பியைத் திருப்பிக் குடுக்கேக்கை ரெண்டாம் தரமும் கதைக்க வேணும்தானே.

நித்திரை இல்லாம, சாப்பிட மனமில்லாம, பள்ளிக்கூடம் போக ஏலாம ரெண்டு கிழமைக்கு மேல இழுத்தா மறைக்காதேங்கோ. பள்ளிக்கூடத்தில வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருப்பினம். 1926 தேசிய உளநல உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம்.

முற்றத்துவேம்பு எழுதியது:

ஆலடி சொன்னதில ஒண்டில எனக்கு வேற கருத்து. சிநேகிதியின்ர பிறந்தநாள் முதல் மாதத்திலேயே வந்தா விடுங்கோ, போகட்டும். "வரக்கூடாது" எண்டு சொன்னாத்தான் பிள்ளைக்கு அந்த இடம் சிறையாகும்.

நாய்க்கு வாறன். விசர்நாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருசம் ஆச்சுதோ எண்டு அட்டையைப் பாருங்கோ. ஏத்த மூண்டு நாலு மணித்தியாலம் முதல் சாப்பாட்டை நிப்பாட்டி, தண்ணி மட்டும் வையுங்கோ. லொறியில சாமானுக்கு மேல கட்ட வேண்டாம், பாய்ஞ்சா கயித்தில தொங்கிடும். உங்கட காலடியில இருக்கட்டும். அது படுக்கிற சாக்கைத் தோய்க்காமக் கொண்டு போங்கோ, மணம்தான் அதுக்கு வீடு. அங்க போய் ரெண்டு கிழமைக்காவது அவிட்டு விடாமக் கயித்தோட காலமையும் பின்னேரமும் ஒரே பாதையால நடத்துங்கோ. முதல் நாளே அவிட்டு விட்ட நாய்தான் வந்த வழியைத் தேடி ஏ9 றோட்டில அடிபடுறது.

நந்திக்கடற்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்பா கேட்டுப் பாத்தவர், நீர் உயிரின வளம் அங்க இல்லையாம், மற்ற ரெண்டும் இருக்காம். சுகாதாரமோ விவசாயமோ எடுக்கலாம் எண்டவையாம். எது நல்லம்?

கரும்பலகை எழுதியது:

ரெண்டின்ரயும் தரம் 10 புத்தகத்தை இந்தக் கிழமையே ஆரிட்டயாவது இரவல் வாங்கி, ஒவ்வொண்டிலயும் ரெண்டு அலகு வாசியுங்கோ. கடந்தகால வினாத்தாள் ஒண்டை எடுத்து, வாசிச்ச அலகில வந்த கேள்வியளை மட்டும் எழுதிப் பாருங்கோ. எதில கை ஓடுதோ அதை எடுங்கோ. வயல் தோட்டத்தோட வளந்த பிள்ளைக்கு விவசாயத்தில அரைவாசிச் சொல் ஏற்கெனவே தெரியும், அதையும் யோசியுங்கோ. முடிவெடுத்த உடன அப்பாவை எழுத்தில குடுக்கச் சொல்லுங்கோ. வாயால சொன்னதை ஜனவரியில ஒருத்தரும் ஞாபகம் வைச்சிருக்காயினம்.