சைக்கிள் காட்சியை நீக்குவதா, விடுவதா?

எழுவான்கரை:
ஒரு விசயத்தில் உங்கள் கருத்து வேண்டும். போன வருடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் பெண்களோடு நாடகப் பட்டறை நடத்தினோம். எந்த ஊர், எந்தக் குழு என்று கேட்காதீர்கள். முடிவில் அதை விவாத அரங்காகச் செய்தோம். தெரியாதவர்களுக்காக: பிரேசில்காரர் அகஸ்தோ போல் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கில் இது ஒரு வகை. சிக்கல் முற்றும் இடத்தில் நாடகத்தை நிறுத்தி, 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று பார்வையாளரைக் கூப்பிட்டு நடிக்க விடுவோம்.

பட்டறையில் ஒரு அம்மா, காணாமற்போன மகனைப் பற்றிச் சொன்னார். மகனின் சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைத்து, காற்றடித்து, முற்றத்தில் ஒரு சுற்று உருட்டிவிட்டுத் திரும்பவும் தாழ்வாரத்தில் சாத்தி வைப்பார். அதை நாடகத்தில் சேர்த்தோம். பெயரை மாற்றினோம், மகனைத் தம்பியாக்கினோம். ஆனால் பக்கத்து ஊரில் போட்டபோது, நடிகை பம்பைக் கையில் எடுத்ததுமே 'இது நம்மட அக்காட கதைதானே' என்று முன்வரிசையில் குரல் கேட்டது. அதற்குப் பிறகு பார்வையாளர் ஒருவர் ஏறி வந்து அந்தப் பாத்திரமாக நடித்து, சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் பேரம் பேசி விற்றார். சனம் கைதட்டிச் சிரித்தது.

இவ்வளவும் யூடியூபில் இருக்கிறது. இப்போது அந்த அம்மாவின் மகள் அழைத்து, 'அம்மாவைக் காட்டிச் சிரிக்கிறாங்க, எடுங்க' என்கிறார். எங்கள் நெறியாளரோ ஒப்பம் வாங்கியிருக்கிறோம், எடுக்கத் தேவையில்லை என்கிறார். சனிக்கிழமை களுவாஞ்சிக்குடிப் பக்கம் அடுத்த ஆற்றுகை. வீடியோவை மட்டும் நீக்குவதா, காட்சியையே நீக்குவதா?

மேடைக்காரன்:
இரண்டையும் எடுக்கக்கூடாது. பெயர் மாறியிருக்கிறது, உறவு மாறியிருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன செய்வது? போர்க்காலத்தில் காணாமற்போனவர்களின் தாய்மார் படத்தை ஏந்திக்கொண்டு தெருவோரத்தில் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காக நடந்தது. எங்கள் கதையைக் கேளுங்கள் என்றுதானே அவர்கள் கத்துகிறார்கள்? நாங்கள் கூச்சப்பட்டு வாயை மூடினால், இதையெல்லாம் மறந்துவிட்டால் நல்லது என்று நினைப்பவர்களுக்குத்தான் வசதி. சிரிப்பு வந்தது உண்மை. விவாத அரங்கில் பார்வையாளர் என்ன செய்வார் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. அந்த ஆபத்தோடுதான் அந்த வடிவம்.

வாவிக்கரை அக்கா:
தம்பி, தெருவோரத்தில் இருக்கும் அம்மா தன் மகனின் படத்தைத் தானே தூக்குகிறார், தன் வாயால் பேசுகிறார். களைத்தால் எழும்பி வீட்டுக்குப் போகலாம். யூடியூபில் இருக்கும் அம்மா எங்கே போவார்?

நான் உளவளத்துணை வேலையில் பல காலம் இருக்கிறேன். இந்தத் தாய்மார் 2010இல் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள், 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க வந்த பரணகம ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள், பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் சொன்னார்கள். இடையில் அறிக்கை எழுத வந்தவர்கள், ஆய்வுக்கு வந்த மாணவர்கள், படம் எடுக்க வந்தவர்கள். எல்லாரும் எழுதிக்கொண்டு போனார்கள். அதில் நாடகக்காரர்களும் சேர்ந்துகொள்வதென்றால், அவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவாவது நடந்துகொள்ள வேண்டாமா?

எழுவான்கரை, ஒரு கேள்வி. அந்த ஒப்பத்தை எப்போது வாங்கினீர்கள்?

எழுவான்கரை:
முதல் நாள் காலை, வரவுப் பதிவு எடுக்கும்போது. 'புகைப்படம், ஒளிப்பதிவு, ஆக்கங்களைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு தாள் இருந்தது. வரவுத் தாளோடு கீழே இணைத்திருந்தோம்.

வாவிக்கரை அக்கா:
அப்படியென்றால் அவர் சைக்கிளைப் பற்றி வாயே திறக்காத நேரத்தில் வாங்கிய ஒப்பம். தான் என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே அப்போது தெரியாது. பக்கத்து ஊரில் போடுவோம் என்றோ, ஆரோ ஒருவர் ஏறி வந்து சைக்கிளை விற்கலாம் என்றோ அந்தத் தாளில் இருந்ததா? அதோடு ஒப்பம் போட்டால்தான் மத்தியானச் சாப்பாடும் பயணக் காசும் என்று அங்கே எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! நான் பழகிய முறை வேறு. பட்டறைக்கு முன் ஒரு முறை கேட்கிறோம். கதையைச் சொல்லி முடித்து, ஒரு இரவு கழித்துக் கேட்கிறோம். நாடகமாக ஆக்கியதும் முதலில் அவருக்கு மட்டும் ஆடிக் காட்டிக் கேட்கிறோம். இதில் எங்கே வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான்.

சல்லரி:
நான் கூத்துக்காரக் குடும்பம். கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நம்மட ஊரில் கூத்துப் போடுவதென்றால் எந்தக் கூத்து என்று ஊர் கூடித்தான் முடிவு. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைக் கூப்பிட்டு, ஆடுகிறவர்களுக்கு அவரவர் பகுதியைப் பிரித்துச் சட்டம் கொடுத்து, கிழமைக்குக் கிழமை பழகும் கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் போகும். அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வீடு போய் ஆடுவோம். ஒளித்து வைக்க அதில் ஒன்றுமில்லை, ஊருக்கே வரிக்கு வரி தெரியும். அபிமன்யு சாகிற இடத்தில் சுபத்திரை புலம்பும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கூத்து ஆடும் களரிக்குப் பக்கத்தில் இருந்து அழலாம். ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அழுவது சுபத்திரைக்காக. நீங்கள் பட்டறை வைத்து அந்த மறைப்பையும் பிடுங்கிவிட்டீர்கள்.

மேடைக்காரன்:
அண்ணே, கூத்தைக் கோயிலாக்காதீர்கள். ஊர் கூடி முடிவெடுத்தது என்றால் ஊரில் ஆர் கூடியது? பெண்கள் கூடினார்களா? ராச வேடம் ஆருக்கு, சேவகன் வேடம் ஆருக்கு என்பதில் சாதியும் காசும் பேசவில்லையா? பறை அடித்தவர்களுக்கு அந்தக் களரியில் என்ன இடம்? சம்மதம் கேட்பது பற்றிக் கூத்திடம் பாடம் படிக்க நான் தயாரில்லை.

சல்லரி:
அதை நான் மறுக்கவே மாட்டேன் தம்பி. ஆனால் அதையும் எப்படித் திருத்தினார்கள் என்று பாருங்கள். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் ஏற்றினார். கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவை. நல்ல வேலைதான், நாடு முழுக்கக் கூத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. ஆனால் கூத்து அங்கே போனது, ஆடிய ஊர் இங்கேயே நின்றது. பிறகு மட்டக்களப்புச் சீலாமுனையில் நாடகக்காரர் ஜெயசங்கரின் ஆட்கள் கூத்து மீளுருவாக்கம் செய்தபோது, பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் இருந்த வரிகளை ஆடுகிறவர்களோடு இருந்து பேசிப் பேசித்தான் மாற்றினார்கள். நேரம் எடுக்கும். உங்கள் பட்டறை எத்தனை நாள்?

எழுவான்கரை:
மூன்று நாள். அதற்குத்தான் காசு இருந்தது.

அறிக்கைத்தம்பி:
காசு என்றதும் நான் வந்துவிட்டேன். நிறுவனங்களில் அறிக்கை எழுதுகிற ஆள் நான். ஒரு உண்மையைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். வீடியோவைப் பகிரங்கமாகப் போடுங்கள் என்று நிதி தருகிறவர் கேட்பது குறைவு. நடந்ததற்கு ஆதாரம் கேட்பார். இந்தக் காரணத்துக்காக முகம் காட்ட முடியாது என்று ஒரு பந்தி எழுதினால் அநேகமாக ஏற்றுக்கொள்வார். லோகோவோடு யூடியூபில் ஏற்றி, வட்ஸ்அப்பில் அனுப்பி, பார்வை எண்ணிக்கையைக் காட்டிக் குளிர வைப்பது நம்முடைய ஆட்கள்தான். 2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் பார்த்திருக்கிறேன், வந்த குழுவெல்லாம் பிள்ளைகளுக்குக் கலர் பெட்டியைக் கொடுத்து அலையை வரையச் சொன்னது. ஒரு பிள்ளை மூன்றாவது குழுவுக்கு மாமரம் வரைந்தது, அந்த அக்கா 'கடலும் வரையுங்க' என்றார். கடல் படம்தான் கலண்டரில் வந்தது.

வாவிக்கரை அக்கா:
அந்தக் கலண்டர் நானும் பார்த்திருப்பேன் போல.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கலாம். வீட்டுக்கு யாராவது விசாரிக்க வரலாம். இங்கே அது கற்பனைப் பயமில்லை. பெயரை மாற்றினோம் என்கிறீர்கள், ஆனால் அந்த ஊருக்கு அடையாளம் பெயரா, சைக்கிளா?

மேடைக்காரன்:
சரி, சைக்கிள்தான் அடையாளம். ஒப்புக்கொள்கிறேன். அதனால் வீடியோவை எடுக்கலாம் என்ற இடத்துக்கு வருகிறேன். காட்சியை எடுக்க இன்னும் சம்மதமில்லை. அதை வேறு பொருளாக்கலாம் என்று யாராவது சொல்வீர்கள்: கைக்கடிகாரம், சட்டை, கிரிக்கெட் துடுப்பு. எதுவும் அந்தப் பம்ப் சத்தம் போல வராது. நாடகம் செய்கிறவனுக்கு அது தெரியும்.

ஆனால் நீங்கள் எல்லாரும் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். அழைத்தது மகள். அந்த அம்மா என்ன சொல்கிறார்? இங்கே இவ்வளவு எழுதினோம், அவரைக் கேட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. தன் மகனைப் பற்றி நாலு ஊர் பேச வேண்டும் என்பதற்காகவே அவர் அதைச் சொல்லியிருந்தால்? மகளுக்கு வெட்கம் என்பதால் தாயின் வாயை மூடுவதும் ஒரு அநியாயம்தான்.

வாவிக்கரை அக்கா:
இது நியாயமான கேள்வி. ஆனால் தாய் 'போடுங்கள்' என்றால் மகளின் பேச்சு செல்லாது என்று ஆகாது. அந்த வீட்டில் இருப்பவர் இரண்டு பேர். சைக்கிள் மகளுக்கும் அண்ணனுடையது.

எழுவான்கரை:
வீடியோவை இன்று மத்தியானம் மறைத்துவிட்டோம். நெறியாளருக்குக் கோபம். ஆனால் கடவுச்சொல் என்னிடமும் இருந்தது. நாளைப் பின்னேரம் வாவிக்கரை அக்காவும் நானும் அந்த வீட்டுக்குப் போகிறோம், தாயும் மகளும் இருக்கிற நேரமாகப் பார்த்து. கமரா, படிவம் ஒன்றும் கொண்டு போகவில்லை. சனிக்கிழமைக்கு அந்தக் காட்சி இல்லாமல் ஒரு தடவை ஒத்திகை பார்த்தோம், பத்து நிமிடம் குறைகிறது, நடுவில் இழுபடுகிறது. அதை எப்படி நிரப்புவதென்று இன்னும் தெரியவில்லை.

சல்லரி:
நிரப்ப வேண்டாம். மத்தளம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன்.

மேடைக்காரன்:
போய்க் கேட்டு, 'காட்சி இருக்கட்டும்' என்று அந்த அம்மா சொன்னால் அதையும் இங்கே வந்து எழுத வேண்டும். வேண்டாம் என்றால் மட்டும் எழுதுவது சரியில்லை.